பனியில் நட்ட கர்ட்டன் கம்பி

ஓஸ்லோவில் ரயில் ஏறுகிறவர்கள் முதலில் தங்கள் பையைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைப்பார்கள். பிறகுதான் தாங்கள் உட்காருவார்கள். அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்களேன் என்று கேட்கிற தைரியசாலி இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. கேட்பதற்குப் பதிலாகக் கதவோரம் நின்றபடியே மலை உச்சி வரை வந்துவிடுவார்கள். என் பக்கத்தில் என் பை இருந்தது. எதிரே டோர்டிஸ் பக்கத்தில் அவளுடைய பை. ஆக நாங்கள் இரண்டு பேரும் நான்கு பேருடைய இடத்தில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தோம்.

டோர்டிஸ் என் முதலாளி. துப்பறிவாள். நான் ரூனார். கூடப் போவேன், பெட்டி தூக்குவேன், வாயாடுவேன். வாய்க்கு மட்டும் தனிச் சம்பளம் கிடையாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டி முழுக்கப் பனிச்சறுக்குக்காரர்கள். வாரம் முழுக்க ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும் பேசிக்கொள்ளாத ஜனம், காலில் ஸ்கீ பூட்ஸ் ஏறிவிட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கும். "இன்னிக்கு என்ன மெழுகு?" என்று கேட்கும். சறுக்குக் கட்டையின் அடியில் பூசுகிற மெழுகுதான். கடுங்குளிருக்கு நீலம், ஈரப் பனிக்குச் சிவப்பு. எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் தாராளமாகக் கேட்கக்கூடிய கேள்வி இது ஒன்றுதான்.

"படிச்சிட்டியா?" என்றாள் டோர்டிஸ். போனைத்தான் சொன்னாள்.

"படிச்சேன் அம்மணி. எனக்கே கட்டையைத் தூக்கிட்டு ஓடணும்போல இருக்கு."

போனில் இருந்தது ஐலெர்ட் என்பவருடைய இணையப் பக்கம். கார் இல்லாதவர்கள் சனி, ஞாயிறுகளில் ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் பனிச்சறுக்குக்குப் போய் வர வாராவாரம் திட்டம் போட்டுக் கொடுப்பார். எந்த ரயில், எந்தப் பெட்டி, பஸ் மாற எந்த வாசல், எந்த ஸ்டேஷனில் வாஃபிள் சூடாகக் கிடைக்கும் என்று ஒன்று விடாமல் எழுதுவார். அவர் திட்டத்தை நம்பி மலை ஏறியவர்கள் ஓஸ்லோவில் நிறையப் பேர். அவரை நேரில் பார்த்தவர்கள்தான் யாருமில்லை.

அந்த ஐலெர்ட் நேற்றிலிருந்து காணவில்லை.

"சுருக்கமா சொல்லு பார்க்கலாம்" என்றாள் டோர்டிஸ். விஷயம் அவளுக்கே தெரியும். என் வாயால் கேட்டால் அவளுக்கு மூளை ஓடுமாம்.

"குன்வோர்னு ஒரு அம்மா. இவரோட வாசகி. குளிர்காலம் பூரா ரெண்டு பேரும் எழுதிக்கிட்டிருந்திருக்காங்க. அந்தம்மாதான் துணிஞ்சு, ஒரு தடவை சேர்ந்து போலாமான்னு கேட்டிருக்கு. நேத்து காலை ரயில். அந்தம்மா முதல் பெட்டி, இவர் கடைசிப் பெட்டி. ஸ்கார்வெட் ஸ்டேஷன்ல இறங்கி சந்திக்கிறதுன்னு பேச்சு."

"ஒரே ரயில்ல வந்துட்டு எதுக்குத் தனித்தனிப் பெட்டி?"

"அதுல என்ன சந்தேகம்? அத்தனை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து என்னத்தைப் பேசறது? உசிரு போயிடாது?"

டோர்டிஸ் சிரிக்கவில்லை. "மேல சொல்லு."

"அந்தம்மா இறங்கிப் பார்த்தா ஆள் இல்ல. ஆனா பிளாட்பாரம் ஓரமா, பனியில அவர் பேர் ஒட்டின கட்டை நட்டு நிக்குது. சரி, பக்கத்துல எங்கயோ போயிருக்கார், வந்துடுவார்னு காத்திருக்கு. வரல. போன் பண்ணியிருக்கு. ரெண்டு தடவை மணி அடிச்சு நின்னுடுச்சு. அப்புறம் போனே அணைஞ்சு போச்சு. சாயங்காலம் பனிப்புயல். மீட்புக் குழு வந்து தேட ஆரம்பிச்சிருக்காங்க. 'நீங்க அவருக்கு என்ன வேணும்?'னு கேட்டிருக்காங்க. சொந்தம் இல்லைன்னதும், வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. போகாம உங்களுக்குப் போன் பண்ணிடுச்சு."

"'நான் கூப்பிட்டதாலதான் வந்தார், நான்தான் கொன்னுட்டேன்'னு அழுதா" என்றாள் டோர்டிஸ். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த ஆள் எழுதினதுல உனக்கு ஒண்ணும் உறைக்கலையா?"

"நல்லாத்தானே எழுதறார்?"

"ரயில் கதவு வரைக்கும் நல்லா எழுதறார். எந்த ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும், எந்தக் கதவு சரியாத் திறக்காது, வாஃபிள்காரம்மா எத்தனை மணிக்கு மாவு கரைப்பாங்கன்னு எல்லாம் தெரியுது. ரயிலை விட்டு இறங்கினதும் என்ன ஆகுதுன்னு பாரு. 'ஏரிக்கு அந்தப் பக்கம் காத்து பலமா இருக்குமாம்.' 'மேட்டுல பனி கெட்டியா இருக்காம்.' எல்லாமே 'ஆம்' 'ஆம்'னு முடியுது. பிளாட்பாரம் வரைக்கும் கண்ணால பார்த்தது, ரூனார். அதுக்கு மேல காதால கேட்டது."

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ரயில் வேகம் குறைந்தது.

ஸ்கார்வெட்டில் ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துக்குள் பெட்டி மூலையில் அடுக்கியிருக்கும் கட்டைகள் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். அவனவன் தன் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தால் பாதிப் பேர், ரயில் போய் முடிகிற கடலோரத்தில்தான் இறங்க வேண்டியிருக்கும். அதனால் மூலைக்குப் பக்கத்தில் இருப்பவர் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம். கடைசி ஆள் வாங்கிப் பிளாட்பாரத்து ஓரப் பனியில் சரக் சரக்கென்று நட்டுவிடுவார். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தானாக நீளும்.

கட்டையே இல்லாத என் கையிலும் ஏழெட்டு ஜோடி ஏறி இறங்கியது. நீளமாக, துணி சுற்றிய ஏதோ ஒன்று வந்தது. அதையும் வாங்கி வெளியே கொடுத்தேன். விசில் அடித்தது. கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஓர் அம்மாள் ஜன்னல் கண்ணாடியைப் படபடவென்று தட்டி ஏதோ கத்தினார். ரயில் நகர்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். வரிசையாக நட்டிருந்த கட்டைகளுக்கு நடுவே, துணி நழுவி, பித்தளைக் குமிழ் வைத்த கர்ட்டன் கம்பி ஒன்று கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

"ஐயையோ" என்றேன். "பாவம், யார் வீட்டு ஜன்னலோ!"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். டோர்டிஸ் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் தங்கள் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு சறுக்கிப் போனார்கள். பிளாட்பாரம் காலியானது. வெள்ளை மலை, வெள்ளை வானம், நடுவில் அந்தக் கம்பி மட்டும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் குன்வோர் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். நீலத் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். மூலையில் அவளுடைய கட்டைகள் சாய்ந்திருந்தன. பக்கத்தில் இன்னொரு ஜோடி, பழையது. சறுக்கும்போது கையில் ஊன்றுகிற அதன் கோல்கள் இரண்டும் கட்டைகளோடு சேர்த்து வாரால் கட்டப்பட்டிருந்தன. எல்லாவற்றின் மேலும் 'ஐலெர்ட்' என்று பெயர் ஒட்டியிருந்தது.

"நேத்துலேர்ந்து இங்கயே இருக்கீங்களா?" என்றாள் டோர்டிஸ்.

"வேற எங்க போறது?" என்றாள் குன்வோர். "அவரைப் பத்தி நினைக்க வேற யார் இருக்காங்க? போலீஸ் கேட்டப்பதான் தெரிஞ்சுது. அவருக்கு அக்கா தம்பி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அவர் முகமே சரியாத் தெரியலையாம். காணோம்னு புகார் குடுத்ததே நான்தான். நான் அவரைப் பார்த்ததுகூட இல்ல." தொப்பியை மடித்தாள், பிரித்தாள். "நான் பாட்டுக்கு எழுதிட்டு இருந்திருக்கலாம். சேர்ந்து போலாமான்னு எதுக்குக் கேட்டேன்?"



வாஃபிள் விற்கிற அம்மாள் கவுன்டரிலிருந்து எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு வழக்கம்போல பழுப்புச் சீஸ் போட்டுத்தானே? கொஞ்சமாவது சாப்பிடுங்க, நேத்து மதியத்துலேர்ந்து பட்டினி."

குன்வோர் வேண்டாம் என்று தலையசைத்தாள். டோர்டிஸ் ஒரு கணம் அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஐலெர்ட்டின் கட்டைகளைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பினாள். நல்ல கெட்டியான நீல மெழுகு, கடையில் பூசிக் கொடுத்ததுபோல வழவழப்பாக இருந்தது.

"ரூனார், கடைசியா எப்போ நீல மெழுகுக்குக் குளிர் அடிச்சுது?"

"கிறிஸ்துமஸுக்கு. அதுக்கப்புறம் ஒரே சொதசொதப்புதான். இவரே போன வாரம், சிவப்பு பூசுங்கன்னுதானே எழுதியிருக்கார்?"

"ஊருக்கெல்லாம் சிவப்பு. தனக்கு மட்டும் கிறிஸ்துமஸ் நீலம். அதுலயும் ஒரு கீறல் கிடையாது." கோல்களின் நுனியைத் தடவினாள். "இங்க விரலை வை. பார்த்து."

இடது கோலின் நுனி ஊசியாகக் குத்தியது. வலது கோலின் நுனி தேய்ந்து, மழுங்கி, கொட்டைப் பாக்காக இருந்தது.

"பனியில இப்படித் தேயுமா?" என்றேன்.

"பனியில தேய்ஞ்சா ரெண்டும் தேயும். இது ரோட்டுல தேய்ஞ்சது."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். சிவப்புச் சட்டை, தாடியில் உறைந்த பனி. மீட்புக் குழுத் தலைவர் அஸ்லாக். எங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஓஸ்லோவிலேர்ந்து துப்பறிய வந்தவங்க நீங்கதானா? துப்பறியுங்க, வேணாங்கல. குறுக்க மட்டும் வராதீங்க. காத்து அடங்கிடுச்சு. இப்போ தெற்குச் சரிவைத் தாண்டப் போறோம். மத்த எடமெல்லாம் சல்லடை போட்டாச்சு."

"தெற்குச் சரிவு எப்படி இருக்கு?"

 அஸ்லாக் கையுறையைக் கழற்றினார். "மேல பனி பாரமா ஏறி நிக்குது. ஒருத்தன் பலமாக் கால் வெச்சாலும் மொத்தமும் இறங்கிடும். தெரிஞ்சேதான் போறோம். என் பொண்ணும் அந்தக் குழுவுலதான் இருக்கா. ஒரு மனுஷன் கட்டையைக்கூட இங்க விட்டுட்டு நடந்து போயிருக்கான். உசிரோட இருக்க ஒரு துளி வாய்ப்பு இருந்தாலும் நான் போய்த்தான் ஆகணும்."

"போகாதீங்க. அவர் மலையில இல்ல" என்றாள் டோர்டிஸ்.

குன்வோர் தலை நிமிர்ந்தாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

டோர்டிஸ் கோலை நீட்டினாள். "இதைப் பாருங்க. இந்த மனுஷருக்குக் கால் சரியில்ல. வலது கையில இந்தக் கோலை ஊனித்தான் நடக்கறார். இவருக்கு இது கைத்தடி. கட்டை பனியையே பார்க்கல. கைத்தடியை இங்க கட்டிப் போட்டுட்டு, புயல்ல, முழங்கால் பனியில அவர் எங்க நடந்து போயிருப்பார்?"

"அப்போ கட்டை இங்க எப்படி வந்துது? பறந்தா?"

"வெளிய ஒரு கர்ட்டன் கம்பி நிக்குதே, அது எப்படி வந்துதோ அப்படித்தான்."

அஸ்லாக் ஜன்னல் வழியே பார்த்தார். பித்தளைக் குமிழில் பனி உட்கார்ந்திருந்தது.

"இந்த மேதை இப்போ இறக்கினது" என்று என்னைக் காட்டினாள் டோர்டிஸ். "ஒரு அம்மா அதைக் கடலோரம் வரைக்கும் கொண்டு போயிட்டிருந்தாங்க. மூலையில வெச்சாங்க. நீளமா இருக்கா, உடனே இறக்கு! அவங்க இறங்கறாங்களான்னு எவனும் கேட்கல. நீங்களும் நானும் கேட்டிருக்க மாட்டோம். ஸ்கார்வெட்ல கட்டை வெச்சிருக்கறவன் ரயில்லயே உட்கார்ந்திருப்பான்னு நம்ம ஊர்ல எவனுக்காவது தோணுமா? நேத்து இறங்கினது அவரோட கட்டை மட்டும்தான். ஆள் இறங்கல."

 கவுன்டரில் வாஃபிள் சுடுகிற இரும்புத் தட்டு புஸ்ஸென்றது.

"போன்?" என்றார் அஸ்லாக்.

"ரெண்டு தடவை மணி அடிச்சு நின்னுது. குளிர்ல செத்த போன் மணியே அடிக்காது. இது மனுஷன் அணைச்ச போன்."

அஸ்லாக் தாடியைச் சொறிந்தார். "நல்லாத்தான் பேசறீங்க. ஆனா ஒரு கோல் நுனியை நம்பி நான் தேடறதை நிறுத்தி, நாளைக்கு அங்க பிணம் கிடைச்சா? நீங்க ஓஸ்லோவுக்குப் போயிடுவீங்க. நான் இங்கதானே இருக்கணும்?"

"நிறுத்த வேணாம். அடுத்த ரயில் வர்ற வரைக்கும் பொறுங்க, போதும். கடலோரத்துலேர்ந்து ஓஸ்லோ போற ரயில். நேத்து புயல்ல திரும்பியிருக்க மாட்டார், இன்னிக்கு இதுதான் முதல் ரயில். அதுல வருவார். கடைசிப் பெட்டி, இடப்பக்கம், ஜன்னலோரம்."

"சீட்டு நம்பர்கூடத் தெரியுமாக்கும்!"

"ஞாயித்துக்கிழமை திரும்பறப்போ அங்கதான் உட்காரணும், ஏரி தெரியும்னு அவரே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கார். அவர் கண்ணால பார்த்து எழுதினது அது." பையை எடுத்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள். "கையில குடை வெச்சிருப்பார்."

"குடையா?" அஸ்லாக்குக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இந்த மலையில குடையா?"

"கைத்தடி இங்க இறங்கிடுச்சு. அவர் நொண்டிக்கிட்டே கடலோரம் போய் இறங்கியிருக்கார். அந்த ஊர்ல மழை எப்போ விட்டுது? ஸ்டேஷன் வாசல்ல ஊனி நடக்க வேற என்ன கிடைக்கும்?"

அஸ்லாக் வெளியே போய் ரேடியோவில் ஏதோ சொன்னார். திரும்பி வந்து, "ரயில் வர்ற வரைக்கும்தான்" என்றார். "குடை இல்லேன்னா கிளம்பிடுவோம்."

நாங்கள் பிளாட்பாரத்துக்கு வந்தோம்.  டோர்டிஸ் இதற்கு முன்னும் தப்பாகச் சொன்னதுண்டு. அப்போதெல்லாம் நஷ்டம் எங்கள் மானத்தோடு போயிற்று. இங்கே தவறினால் மலையில் ஓர் உயிரோ, சரிவில் சில உயிர்களோ போகும்.

குன்வோர் இரண்டு ஜோடிக் கட்டைகளையும் அணைத்துக்கொண்டு நின்றாள். மலையை முறைத்தாள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இருக்காதா பின்னே? குளிர்காலம் முழுக்க ஒரு மனிதர் தான் போகாத மலைக்கெல்லாம் வழி சொல்லியிருக்கிறார்.

"அப்போ அவர் சறுக்கினதே இல்லையா?" என்றாள்.

"ரொம்ப வருஷமா இருக்காது" என்றாள் டோர்டிஸ். "வாராவாரம் கட்டையை எடுத்துக்கிட்டு ரயில்ல வருவார். வர்றவங்க போறவங்ககிட்ட பனி எப்படி, பாதை எப்படின்னு கேட்பார். கையில கட்டை இருந்தா எல்லாரும் பேசுவாங்க. இறங்காம அப்படியே திரும்பிப் போய் எழுதுவார். நேத்து நீங்க பிளாட்பாரத்துல நிக்கறதைப் பார்த்திருப்பார். நொண்டிக்கிட்டு வந்து முன்னால நிக்க தைரியம் வந்திருக்காது."

குன்வோர் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை.

"நீங்க கோபப்பட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று டோர்டிஸ் மெதுவாகச் சொன்னாள். "உங்க கட்டை அடியில கடைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். இருந்தது. குளிர்காலம் முழுக்க மலை மலையாகச் சுற்றியதாக எழுதிய அம்மாளின் கட்டையில், பளபளவென்று, கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. 'வழக்கம்போல பழுப்புச் சீஸ்' என்று வாஃபிள்காரம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குன்வோர் தொப்பியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பல் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறேன். நாள் பூரா ஜனங்ககிட்ட 'அசையாதீங்க, பேசாதீங்க'ன்னு சொல்றதுதான் என் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனா, அங்க சொல்றதுக்குக்கூட ஆள் இல்ல. அவர் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் இந்தக் கட்டையை வாங்கினேன். ஒரு தடவை ரயில்ல வந்தேன். ஒரு கிழவர் 'என்ன மெழுகு போட்டிருக்கே?'ன்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் வாராவாரம் வந்துட்டேன். இங்க உட்கார்ந்து ஒரு வாஃபிள். அடுத்த ரயில்ல வீடு. வீட்டுக்குப் போய் அவருக்கு, 'பாதை அருமை, நன்றி'ன்னு எழுதுவேன்."

"அப்போ சேர்ந்து போலாம்னு கூப்பிட்டீங்களே, சறுக்கச் சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றேன்.

"விழுந்திருப்பேன்" என்றாள். "அவர் தூக்கி விட்டிருப்பாரில்ல?"



மலை வளைவில் ரயில் வந்தது. அஸ்லாக் ரேடியோவை வாயருகே வைத்துக்கொண்டு கடைசிப் பெட்டி நிற்கும் இடத்துக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். பெட்டி எங்களைத் தாண்டி மெதுவாக நின்றது. இடப்பக்கம் எங்களுக்கு மறுபக்கம். ஜன்னலோரம் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கதவு திறந்தது. ஓர் இளம் ஜோடி இறங்கியது. ஒரு நாய் இறங்கியது. அவ்வளவுதான்.

அஸ்லாக் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

அப்போது உள்ளே இருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. கதவில் முதலில் ஒரு குடை தெரிந்தது. கறுப்புக் குடை, பாரம் தாங்காமல் நடுவில் வளைந்திருந்தது. அதன் பின்னால் நரைத்த தலையோடு ஒரு மனிதர். பிளாட்பாரத்துப் பக்க ஜன்னல் வழியாகத் தன் கட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறார். அவற்றை வைத்திருந்தவளைக் கதவுக்கு வந்த பிறகுதான் பார்த்தார்.

அஸ்லாக் ரேடியோவில், "எல்லாரும் திரும்புங்க" என்றார். "ஆள் கிடைச்சாச்சு. சரிவுல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. உடனே திரும்புங்க." அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "சரிப்பா" என்றது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் குனிந்து நின்றார்.

"ஐலெர்ட்?" என்றாள் குன்வோர்.

"நான் எழுந்தேன்" என்றார் அவர். வணக்கமில்லை, எதுவுமில்லை. ஒரு நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. "நேத்து நான் எழுந்தேன். இறங்கணும்னுதான் எழுந்து வந்தேன். மூலையில கோல் இல்ல. யாரோ எடுத்துக் குடுத்துட்டாங்க. பிடிமானம் இல்லாம என்னால கதவு வரைக்கும் வர முடியல. நீங்க நின்னுட்டிருந்தீங்க. நீலத் தொப்பி. ரயில் கிளம்பிடுச்சு."

டோர்டிஸ் தரையைப் பார்த்தாள். இந்த ஒன்றை அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த மனிதருக்குத் தைரியம் இருந்திருக்கிறது. உதவி செய்கிறோம் பேர்வழி என்று எங்களைப்போல ஒரு கூட்டம் அதைப் பிடுங்கிப் பனியில் நட்டிருக்கிறது.

"ஏன் போனை அணைச்சீங்க? செத்துப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள் குன்வோர்.

"எடுத்தா என்ன சொல்றது? எனக்குச் சறுக்க வராது. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வரவே வராது. அத்தனையும் பொய்."

"எனக்குப் பொறந்ததுலேர்ந்தே வராது" என்றாள் குன்வோர்.

அவர் அவளைப் பார்த்தார். "ஏரிப் பாதை பிரமாதம்னு எழுதினீங்களே?"

"நீங்க எழுதினதைத்தான் திருப்பி எழுதினேன்."

"அதை எனக்கு ஒரு பல் டாக்டர் சொன்னார். ரயில்ல."

விசில் அடித்தது. ஏறுகிற கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. கைகள் தானாக நீண்டன. குன்வோரின் கட்டைகள் உள்ளே போயின. அவருடைய கட்டைகள் போயின. டோர்டிஸ் மட்டும் அந்த மழுங்கிய கோலை வாரிலிருந்து உருவி, யார் கையிலும் கொடுக்காமல், நேராக ஐலெர்ட்டின் கையில் வைத்தாள். குன்வோர் ஏறினாள். நான் வரிசையில் மாட்டிக்கொண்டேன். வந்ததையெல்லாம் வாங்கி வாங்கி உள்ளே கொடுத்தேன். கடைசியாகப் பித்தளைக் குமிழ் ஒன்று கண்ணெதிரே உள்ளே போனது.

"ஏய், அது அந்தப் பக்கம் போக வேண்டியது!" என்று நான் கத்துவதற்குள் கதவு மூடிவிட்டது. கர்ட்டன் கம்பி ஓஸ்லோவுக்குப் புறப்பட்டது. எங்களை விட்டுவிட்டு.

ரயில் நகர்ந்தபோது பெட்டியோடு கொஞ்சம் ஓடி, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். மறுபக்க ஜன்னலோரம் ஐலெர்ட் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இருக்கையில் அவருடைய பை இருந்தது. குன்வோர் நடைபாதையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி ஒன்றும் கேட்காமல் நின்றாள்.

அதற்கு மேல் பார்க்க முடியாமல் பிளாட்பாரம் முடிந்துவிட்டது. நான் திரும்பி வந்தேன்.

டோர்டிஸ் அதே இடத்தில் நின்றிருந்தாள். கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன. அஸ்லாக் மகளைப் பார்க்கப் போய்விட்டார். இனி இருட்டிய பிறகுதான் அடுத்த ரயில். பிளாட்பாரத்தில் வேறு ஒரு ஜீவன் இல்லை.

"பையை எடுத்தாரா?" என்று கேட்டாள்.

துப்பறிவாளர் கேட்க வேண்டிய கேள்வியில்லை இது. வழக்கு முடிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் எதையும் அவள் இந்தக் குரலில் கேட்டதில்லை.

"எடுத்தார்" என்றேன். "எடுத்து மடியில வெச்சுக்கிட்டார். அந்தம்மா உட்கார்ந்துட்டாங்க."

அவள் தலையசைத்தாள். காத்திருப்பு அறைக்குப் போனோம். டோர்டிஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் தன் பையை வைத்தாள். நான் அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, பக்கத்தில் என் பையை வைத்தேன். வாஃபிள்காரம்மா இரண்டு தட்டு கொண்டு வந்து தனித்தனியாக வைத்துவிட்டுப் போனார்.

சொல்லிக்கொள்ள எனக்கு நிறைய இருந்தது. நல்ல கேலிகளும் இரண்டு மூன்று இருந்தன. கையில் சறுக்குக் கட்டைதான் இல்லை.